திண்டிவனம் கொட்டகை வாசலில் பினாங்குச் சட்டி

1

ஊரிலிருந்து யார் கப்பலேறி வந்தாலும் என்னிடம் முதலில் கேட்பது, "அங்க இன்னாத்த துன்னுறீங்க?" என்பதுதான். போன வாரம் அதே கேள்வியை என் மகள் ஸ்டெல்லா தலைகீழாகக் கேட்டாள்.

பினாங்குத் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் தெரு. பொழுது சாய்ந்தால் தெரு முழுவதும் சமையலறை. தள்ளுவண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். ஒன்றில் புளித்த மீன் சாற்றில் தடித்த சேமியா மிதக்கும். ஒன்றில் ஈர்க்கில் கோத்த இறைச்சித் துண்டுகள் கரி நெருப்பில் சொட்டிக்கொண்டிருக்கும். சீனர், மலாய்க்காரர், நம்மவர், எல்லாரும் குட்டை முக்காலிகளில் முட்டியும் முட்டியும் இடிக்க உட்கார்ந்து சாப்பிடுவோம். என் வீட்டில் வாரத்தில் பாதி நாள் ராத்திரி உலை வைப்பதில்லை.

அப்படி உட்கார்ந்திருந்தபோது ஸ்டெல்லா கேட்டாள்: "அப்பா, உங்க கம்பத்துல ராத்திரி எங்க மக்கான் பண்ணுவாங்க?"

கம்பம் என்றால் மலாயில் கிராமம். மக்கான் என்றால் சாப்பாடு. என் பிள்ளை பேசும் தமிழில் நான் பாதி, துறைமுகம் பாதி. தமிழ் எழுதச் சொன்னால் எறும்பு மை தொட்டு நடந்த மாதிரி எழுதுகிறாள். திட்டவும் வாய் வரவில்லை. இந்தப் பக்கத்தில் இப்போது எல்லாருக்கும் அடையாள அட்டை கொடுக்கிறார்கள். என் அட்டையில் பிறந்த ஊர் என்ற இடத்தில் 'விழுப்புரம்' என்று எழுத வராமல் குமாஸ்தா அடித்தடித்துத் திருத்தி, கடைசியில் 'மதராஸ்' என்று போட்டுவிட்டான். "மதராஸ் எங்கள் ஊரிலிருந்து நூறு மைல்" என்றேன். "இங்கிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான்" என்றான். அப்பனுக்கே ஊர் நிலைக்கவில்லை, பிள்ளைக்கு எங்கே நிலைக்கும்?

நான் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள், பக்கத்து முக்காலியிலிருந்த லிம், "உன் அப்பா ஊரில் நான் கடையே போட்டிருக்கிறேன்" என்றான். ஸ்டெல்லா நம்பவில்லை. நீங்களும் நம்பமாட்டீர்கள். ஆகையால் எழுதுகிறேன்.

2

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முந்தின கதை. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. துறைமுகக் கிடங்கில் மூட்டைக் கணக்கு எழுதினேன். லிம் அதே கிடங்கில் எனக்கு எதிர் மேசை. ஹசன் சரக்குப் படகு ஓட்டுபவன். மூவரும் மலாயில்தான் பேசிக்கொள்வோம். வேலை முடிந்தால் ஒன்றாகச் சாப்பிடுவோம், ஒன்றாக நாடகம் பார்ப்போம். பன்றி இறைச்சி வண்டிப் பக்கம் ஹசன் வரமாட்டான். லிம் அங்கே தனியாகப் போய்த் தின்றுவிட்டு வாய் கொப்பளித்துக்கொண்டு வருவான். அவ்வளவுதான் எங்களுக்குள் வேற்றுமை.

இவர்களிடம் நான் ஊரைப் பற்றிக் கொஞ்சமாகவா அளந்திருந்தேன்? ரயில் நாலு திசைக்கும் பிரிகிற விழுப்புரம் ஜங்ஷன், விளக்கு வைத்ததும் களை கட்டும் கடைத்தெரு, அவித்த மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர்), நெய் ரோஸ்ட், திண்டிவனத்தில் கூடாரம் போட்டுக் காட்டும் பேசும் படம். "எப்போதும் நாங்களே உனக்கு ஊர் காட்டுகிறோம். ஒரு தடவை நீ காட்டு" என்றான் ஹசன்.

எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. அடுத்த வருஷம் பினாங்கை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிடுவது என்று நினைத்திருந்தேன். திண்டிவனத்தில் என் அக்கா ஆரோக்கியம் இருந்தாள். அவள் வீட்டுக்காரர் ரயில் பாதையில் கூலி, வாயில்லாத மனிதர். தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே எனக்கு இடம் பார்த்து வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். அதையும் பார்த்துவிட்டு வரலாம் என்று மூவரும் கிளம்பினோம்.

நாகப்பட்டினத்தில் இறங்கியதும் டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், இமையை மடக்கிப் பார்த்தார், நோயில்லை என்று ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தார். சுங்கத்தில் லிம்மின் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு கறுப்புச் சாற்றுப் புட்டி. சோயா மொச்சையை ஊறவைத்து எடுப்பது. அது இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. அதிகாரி மோந்து பார்த்தார்.

"என்னய்யா இது, மருந்தா, சாராயமா?"

"குழம்புக்கு ஊத்தறதுங்க."

"இந்தியாவுக்கு எதுக்கு வர்றார்னு கேளு."

கேட்டேன். லிம் யோசிக்காமல், "சாப்பிட" என்றான். அதிகாரி அவனை மேலும் கீழும் பார்த்தார். அந்தக் காரணத்துக்கு அவரிடம் தனி முத்திரை இல்லை போலும். ஏதோ ஒன்றைக் குத்தி அனுப்பிவிட்டார்.

3

விழுப்புரத்தில் இறங்கும்போது சாயங்காலம். பெட்டிகளை ஸ்டேஷனிலேயே ஒப்படைத்துவிட்டு, கோட்டும் தொப்பியுமாக மூவரும் கடைத்தெருவுக்குள் போனோம். காஸ் விளக்குகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவித்த மல்லாட்டை விற்றவள் மந்தாரை இலையில் குவித்துக் கொடுத்தாள். லிம் முதல் மல்லாட்டையைத் தோலோடு மென்றான்.

"அய்யோ பாவம், தோலை உரிச்சிட்டுத் துன்னச் சொல்லு தொரை" என்றாள் அவள்.

கோலி சோடாவைக் குடித்த ஹசன், அந்தக் கோலியை எப்படி உள்ளே போட்டார்கள் என்று புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒருவன் தப்படித்துக்கொண்டு ராத்திரி நாடகத்துக்கு நோட்டீஸ் கொடுத்தான். எனக்கு உள்ளம் குளிர்ந்துபோயிருந்தது. பார்த்தீர்களா எங்கள் ஊரை என்று நடையிலேயே காட்டினேன்.

பிறகு காப்பி ஹோட்டலுக்குப் போனோம்.

முதலாளியே எழுந்து வந்தார். "வாங்க தொரை, உள்ள வாங்க, விசிறிகிட்ட உக்காருங்க." மூன்று இலை போட்டார்கள். நெய் ரோஸ்ட் வந்தது. லிம் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "இதைச் சுட்டவன் கையை நான் கும்பிடவேண்டும்" என்றான்.

எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்து நின்றார்.

"நீ சின்னப்பன் மவன் சவரிமுத்து இல்ல? கப்பலேறிப் போனவன்?"

"ஆமாங்க."

அவர் எங்கள் ஊர்ப் பண்ணையின் கணக்கப்பிள்ளை. வளவனூருக்குப் பக்கத்தில் அந்தப் பண்ணை நிலத்தில்தான் என் அப்பா நாற்று முடி தூக்கினார். நாங்கள் சேரிக்காரர்கள். "நல்லா இருக்கியா? அப்பன் இருந்து பாக்கக் குடுத்து வெக்கல" என்று அன்பாகத்தான் கேட்டார். கேட்டுக்கொண்டே என் இலையைப் பார்த்தார். போய் முதலாளியின் காதில் ஏதோ சொன்னார்.

முதலாளி வந்தார். சத்தம் போடவில்லை. "இத பாரு. அவங்க ரெண்டு பேரும் இருக்கட்டும். நீ எழுந்து கொல்லப் பக்கமா வா. அங்க காப்பி ஊத்தித் தரச் சொல்றேன்."

வாசலில் 'வாங்க' என்றவர் விசிறிக்கடியில் 'வா' என்றார். நடுவில் பாதி ரோஸ்ட்தான் தின்றிருந்தேன்.

எழுந்தேன். "என்ன?" என்றான் லிம்.

"நான் இங்கே உட்காரக்கூடாதாம்."

"நோய் என்று நினைக்கிறாரா? டாக்டர் கொடுத்த சீட்டு உன் சட்டைப்பையில் இருக்கிறதே, எடுத்துக் காட்டு."

"நோய் இல்லை. பிறப்பு."

லிம்முக்குப் புரியவில்லை. தன் மலாயில்தான் ஏதோ கோளாறு என்று ஹசனைப் பார்த்தான். "அவன் பிறந்த ஊர் இதுதானே? பிறகு என்ன?" என்றான். ஹசனுக்குப் புரிந்துவிட்டது. அவன் முகம் மாறியதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

ஆனால் அவன் சிரித்துக்கொண்டேதான் எழுந்தான். முதலாளிக்கு எதிரே நின்று, நெஞ்சில் கை வைத்து, குனிந்து, மிக மரியாதையான மலாயில் நிதானமாகச் சொன்னான்: "பெரியவரே, உங்கள் சட்டினி அருமை. நெய் அருமை. மனதுதான் ஊசிப்போயிருக்கிறது. கருவாட்டைப் போல அதையும் எடுத்து வெயிலில் காயப்போடுங்கள்."

முதலாளி ஏதோ பாராட்டு என்று நினைத்துக் கைகூப்பினார். "ரொம்ப சந்தோஷங்க. மறுபடியும் வாங்க."

லிம் மூன்று இலையிலிருந்த ரோஸ்ட்டையும் ஒன்றாகச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். நெய் கோட்டில் ஊறியது. ஸ்டேஷன் நடைமேடையில் எங்கள் பெட்டிகள் மேல் உட்கார்ந்து தின்றோம். ஹசன் முதலாளிக்குச் சொன்னதை எனக்குத் திரும்பச் சொல்லிக் காட்டினான். அந்தக் கைகூப்பலையும் நடித்தான். நானும் சிரித்தேன், கண்ணில் நீர் வரும்வரை. கொஞ்ச நேரத்துக்கு மேல் அது சிரிப்புத்தானா என்று எனக்கே தெரியவில்லை. இருவரும் வண்டி வருகிறதா என்று தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

4

திண்டிவனத்தில் அக்காவின் வீடு ஒற்றை அறை, கூரை தாழ்வு. தலை குனியாமல் நுழைந்த லிம்மின் தொப்பியைக் கூரை பறித்துக்கொண்டது.

அக்கா என்னை ஓரமாக இழுத்தாள். "இன்னாடா இது, தொரைங்களக் கூட்டிக்கினு வந்துக்கிற? வூட்ல கேப்பக் கூழும் கருவாடுந்தான் கீது. நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு போடறது?"

அவள் சொல்வதற்குள் ஹசன் மோப்பம் பிடித்துச் சட்டியைத் திறந்துவிட்டான். பினாங்கில் அவன் தாய் தினமும் பொரிக்கும் நெத்திலிக் கருவாட்டின் வாசனை. மோர் விட்டுக் கரைத்த கூழை மடமடவென்று குடித்தான். கருவாட்டுக்கு இரண்டாந்தரம் கை நீட்டினான். அக்காவின் வீட்டுக்காரர் அதைப் பார்த்து முதல் முறையாகச் சிரித்தார்.

மறுநாள் விருந்தாளிகளுக்கென்று அக்கா எங்கேயோ அரிசி மாவு வாங்கி இடியாப்பம் பிழிந்தாள். லிம் அதைக் கண்டதும் குதித்தான். "இது எங்கள் அரிசிச் சேமியா. இதை இப்படி வெறுமனே வைத்துத் தின்பது பாவம்." இரும்புச் சட்டி கேட்டான். மல்லாட்டை எண்ணெயைப் புகைய விட்டு, வெங்காயம், பச்சை மிளகாய், கருவாடு, முருங்கைக் கீரை, முட்டை என்று போட்டு, இடியாப்பத்தைக் கொட்டி, கறுப்புச் சாற்றைத் தெளித்துக் கிளறினான். தெருவில் பாதிப் பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அக்கா ஒரு வாய் தின்றாள். அவன் கை போகிற போக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் ஊருக்கு வெளியே கூடாரக் கொட்டகைக்குப் போவதாக இருந்தோம். "வாசலில் வண்டிகள் இருக்குமா?" என்று கேட்டான் லிம். முறுக்கும் சோடாவும்தான் என்றேன். "அப்படியானால் நாமே அடுப்பு கொண்டுபோவோம்" என்றான். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தது.

கொட்டகையில் ஒரே மிஷின். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்டவேண்டும். அதனால் ஒரு படத்துக்குப் பல இடைவேளை. ஒவ்வொரு இடைவேளையிலும் ஜனம் வெளியே வந்தது. காஸ் விளக்கின் கீழே ஒரு சீனன் சட்டியைக் குலுக்கித் தீயை மேலே எழுப்புவதைக் கண்டால் எவன் திரும்பப் போவான்? தரை டிக்கட்காரன், பெஞ்சு டிக்கட்காரன், நாற்காலிக்காரன், எல்லாரும் சுற்றி நின்றார்கள். அக்கா சற்றுப் பின்னால், இருட்டில் உட்கார்ந்து இடியாப்பம் பிழிந்தாள். அக்காவின் சேரித் தெருப் பக்கமே நடக்காதவர்கள் தின்றார்கள். சீனாக்காரர் சேவையாம் என்று பேர் வைத்துத் தின்றார்கள். கடைசி ரீலுக்கு உள்ளே போகாமல் எங்களோடேயே நின்றவர்களும் உண்டு. ஊரில் பேர் போன மல்லாட்டை மண்டிக்காரர் ஒருவர் இலையை வழித்துவிட்டு, "நாளைக்கும் உண்டா?" என்று கேட்டார். மறுநாளும் போட்டோம். மறுநாளும் அவர் வந்தார்.

5

அன்று கொட்டகையிலிருந்து திரும்பும்போது அக்கா உற்சாகமாக இருந்தாள். எனக்குப் பார்த்து வைத்த இடத்தை வழியிலேயே காட்டினாள். வேப்பமரம் ஒன்று, பக்கத்தில் கிணறு.

நான் சொன்னேன், வரப்போவதில்லை என்று. விழுப்புரத்தில் நடந்ததையும் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு நின்றாள். "இதான் புதுசா உனக்கு? நான் தெனம் பாக்கறேன். ஒரு நாளு எழுந்திருன்னு சொன்னான்னு நீ கப்பலேறிப் பூடுவ. உனக்குக் கப்பல் கீது. எனக்கு இன்னா கீது?"

"நீயும் மாமாவும் அங்கே வந்துவிடுங்கள்" என்றேன்.

"ஏன், நான் எதுக்குப் போவணும்? நான் இன்னா திருடிட்டா ஓடணும்?" என்று முன்னால் நடந்துவிட்டாள்.

மறுநாள் எங்கள் கடைசி நாள். காலையில் லிம்மை யாரோ தென்னந்தோப்புக்குக் கள் குடிக்க அழைத்துப் போனார்கள். மத்தியானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். ஹசன் அவனுக்கு வெந்நீர் கொடுத்து உட்கார்ந்திருந்தான். சரி, கடை இல்லை என்றேன். அக்கா அதற்குள் மாவை வறுத்து முடித்திருந்தாள்.

"சட்டியத் தூக்கு. பொழுது போவுது, ஜல்தி."

"அக்கா, அவங்க லிம்முக்காகத்தான் வந்தாங்க."

"தெரியும். தூக்கு."

கொட்டகை வாசலில் அவளே விளக்கின் கீழே நின்றாள். நான் பின்னால் உட்கார்ந்து நாழியில் இடியாப்பம் பிழிந்தேன். முதல் ரீல் முடிந்தது. கூட்டம் வந்தது. மண்டிக்காரர் முன்னால் வந்து சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எங்கம்மா சீனாக்காரரு?"

"ஒடம்பு சரியில்லீங்க."

"அப்ப இத யாரு போட்டது?"

அவர்தான் போட்டுவிட்டுப் போனார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடேன் என்று அவள் முதுகைப் பார்த்து மனதுக்குள் கெஞ்சினேன்.

"நாந்தாங்க" என்றாள் அக்கா. "நேத்தும் நாந்தான் புழிஞ்சேன், முந்தாநேத்தும் நாந்தான். அவரு கெளறினாரு. இன்னிக்குக் கெளறுறதும் நானு. எந்தத் தெருன்னு கேக்காதீங்க, ஒங்களுக்கே தெரியும். வேணும்னா எல தரேன்."

கொஞ்சம் பேர் முணுமுணுத்துக்கொண்டு விலகினார்கள். ஒருவன் காறித் துப்பினான். மண்டிக்காரர் உள்ளே போய்விட்டார். தரை டிக்கட் ஜனம் மட்டும் நின்றது. அக்கா அவர்களுக்குப் போட்டாள். லிம்மைப் போலவே தீயை மேலே எழுப்பினாள்.

இரண்டாவது ரீல் முடிந்தது. மண்டிக்காரர் வெளியே வந்தார். விளக்குக்குத் தள்ளி நின்று வெற்றிலையைத் துப்பினார். அக்கா அவரைக் கூப்பிடவில்லை. அவராகவே பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில், "காரம் கொஞ்சம் கம்மியா போடும்மா. நேத்து நாக்கு எரிஞ்சி பூட்ச்சு" என்றார்.

6

அதன் பிறகு சண்டை வந்தது. கப்பல் நின்றது. ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் மரவள்ளிக் கிழங்கில் உயிர் வைத்திருந்தோம். சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போனவர்களில் ஹசனும் ஒருவன். திரும்பி வந்தான், ஒரு காது கேட்காமல். அக்காவைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. இருக்கிறாளா என்றே தெரியாது.

சண்டை ஓய்ந்து கப்பல் விட்டதும் நான் மட்டும் கிளம்பிப் போனேன். திண்டிவனத்தில் இறங்கியபோது விளக்கு வைக்கிற நேரம். வீடு பூட்டியிருந்தது. கொட்டகைப் பக்கம் போகச் சொன்னார்கள். கூடாரம் போய்க் கீற்றுக் கொட்டகை எழும்பியிருந்தது. எதிரே தட்டிப் பந்தல், இரண்டு பெஞ்சு, பெரிய சட்டி. அரிசி கட்டுப்பாட்டில் இருந்ததால் கேப்பை மாவில் பிழிந்த சேவை. கறுப்புச் சாற்றுக்குப் பதில் புளியும் வெல்லமும் கரைத்து வைத்திருந்தாள். விளக்கின் கீழே நரைத்த தலையோடு நின்றிருந்தாள் அக்கா. அவள் வீட்டுக்காரர் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். பெஞ்சில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்லமாட்டேன். சிலர் இன்னும் நின்றுகொண்டே, முகத்தைத் திருப்பிக்கொண்டு தின்றார்கள். ஆனால் அவர்களை எழுந்து கொல்லைப்பக்கம் போகச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

நான் பெட்டியோடு போய் எதிரில் நின்றேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். என்னை ஒரு நிமிஷம் முழுக்கப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். அதற்குள் கொட்டகையில் மணி அடித்து, ரீல் முடிந்து, ஜனம் திமுதிமுவென்று வெளியே வந்தது.

"வந்துட்டியா? கையக் கழுவிக்கினு வா. கூட்டம் ஏறுது."

கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு இலை போட்டேன். ஒரு இலையைத் தலைகீழாகப் போட்டேன், இன்னொன்றில் சேவையைச் சிந்தினேன். பெஞ்சிலிருந்த ஒருவர் என்னை முறைத்துப் பார்த்து, "யாரும்மா இது, புது ஆளு?" என்றார்.

அக்கா சட்டியிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள்: "எங்க தம்பிங்க. வெளியூரு. ஊரு பாக்க வந்துக்கிறான். கோச்சிக்காதீங்க, பாவம், அவனுக்கு இங்கத்தி வேல ஒண்ணும் தெரியாது."